இட்லி மாவும் நர்சிங் இடமும்: பி.எஸ்சி. சேர்க்கை எப்படி இயங்குகிறது?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு சில வீடுகளுக்கு அந்தப் போன் வந்துவிடும். "பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு வேணுமா? நம்ம கையில காலேஜ் இருக்கு. அட்வான்ஸ் மட்டும் போட்டு வைங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்." பேசுகிறவர் பெரிய தந்திரசாலியாக இருக்க வேண்டியதில்லை. சேர்க்கை உள்ளே எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதுதான் அவருடைய முதல். அது தெரிந்துவிட்டால் அவர் கடை அன்றைக்கே படுத்துவிடும்.

தெரிந்துகொள்வதும் கஷ்டமில்லை. இட்லி செய்யத் தெரிந்த வீட்டுக்கு இந்தச் சேர்க்கை புரியும். இட்லியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை உண்டு. முதலில் கல் பொறுக்க வேண்டும், பிறகு ஊறவைக்க வேண்டும், பிறகு அளவாக அரைக்க வேண்டும், பிறகு புளிக்க விட வேண்டும், கடைசியில்தான் தட்டில் ஊற்றி அவிக்க வேண்டும். காலையில் எழுந்து "இப்போதே இட்லி வேண்டும்" என்று அரிசியை ஊறப்போட்டால் எந்தக் கிரைண்டரும் காப்பாற்றாது. நர்சிங் சேர்க்கையிலும் பல பிள்ளைகள் இடத்தைத் தவறவிடுவது மதிப்பெண் குறைந்ததால் அல்ல. முந்தைய நாளே செய்ய வேண்டியதை மறுநாளுக்குத் தள்ளியதால்தான். ஆகவே தமிழ்நாட்டில் இது நடக்கிற வரிசையிலேயே அடுப்பங்கரைக்குள் போய்ப் பார்ப்போம்.

1. கல் பொறுக்குதல்: தகுதி

முதலில் அரிசியைப் புடைத்துக் கல்லைப் பொறுக்குகிறோம். எது உள்ளே போகலாம், எது கூடாது என்று பிரிக்கிற வேலை இது. நர்சிங்கில் இந்த முறம் இந்திய நர்சிங் கவுன்சிலின் கையில் இருக்கிறது. நாடு முழுவதும் நர்சிங் படிப்புக்கு அடிப்படை விதிகளை வகுப்பது அந்த அமைப்புதான். 1947-இல் வந்த சட்டத்தின்படி உருவானது.

அந்த விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்த பிள்ளைகளும் வரலாம். இந்த அறிவியல் பாடங்களில் மொத்தமாக 45 சதவீதம் வேண்டும். அதாவது 300-க்கு 135. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதம் போதும், 300-க்கு 120. ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு 35. உடல் தகுதிக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களில் குழப்பம் வரும். ஒன்று, கணிதம். கணிதம் கட்டாயம் இல்லை. அறிவியல் பாடங்களோடு நான்காவது பாடமாக எதைப் படித்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கணிதமும் கணினி அறிவியலும் எடுத்து உயிரியலை விட்டவர்கள் பி.எஸ்சி. நர்சிங்குக்கு வர முடியாது. எனவே நர்சிங் ஆசை இருக்கிற பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே இதைத் தீர்மானித்தாக வேண்டும். இரண்டாவது, ஆண் பிள்ளைகள். நர்சிங் பெண்கள் படிப்பு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆண்களும் சேரலாம். ஐ.சி.யு., அறுவை அரங்கு, அவசர சிகிச்சைப் பிரிவு என்று ஆண் நர்சுகள் வேலை செய்யாத பிரிவு இன்று குறைவு.

2. ஊறவைத்தல்: சான்றிதழ்கள்

கல் பொறுக்கியாயிற்று. அடுத்தது ஊறவைப்பது. அரிசி ஊறும்போது நமக்கு வேலை இல்லை, ஆனால் நேரம் போகும். அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. சான்றிதழ்களும் அப்படியே. விண்ணப்பிக்க ஐந்து நிமிஷம், கைக்கு வர நாட்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ், வெளி மாநிலத்தில் படித்த காலம் இருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ். இவற்றை இ-சேவை மையத்தில் பதிந்தால் மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படி ஏறும். நடுவில் ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். எனவே பிளஸ் டூ தேர்வு முடிந்த உடனே, முடிவு வருவதற்கு முன்பே, இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அப்போது இ-சேவை மையத்தில் கூட்டமும் குறைவு.

ஊறவைக்கும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறு. வீட்டில் இது விஷயமே இல்லை. சரிபார்க்கிற மேஜையில் அது கேள்வியாகும். ஆகவே எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். எது தவறோ அதைத் திருத்த இப்போது நேரம் இருக்கிறது.

3. அளவு: கட்-ஆஃப்

இப்போது அரைக்க வேண்டும். அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அளவு உண்டு. நர்சிங் சேர்க்கைக்கும் ஒரு அளவு உண்டு. உயிரியல் இரண்டு பங்கு, இயற்பியல் ஒரு பங்கு, வேதியியல் ஒரு பங்கு. அரைத்து வருகிற மாவுதான் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்.

போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளை உயிரியலில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 வாங்கியிருக்கிறது. உயிரியல் மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்: 88. இயற்பியலைப் பாதியாக்க வேண்டும்: 38. வேதியியலையும் பாதியாக்க வேண்டும்: 41. கூட்டினால் 167. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் அதுதான் அவர்களுடைய உயிரியல். தாவரவியல் 90, விலங்கியல் 84 என்றால் 45-ம் 42-ம் சேர்ந்து 87.

தமிழ், ஆங்கிலம், நான்காவது பாடம் இவற்றின் மதிப்பெண் இந்த மாவில் சேராது. அதனால்தான் மொத்த மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளை, உயிரியலில் நன்றாக எடுத்திருந்தால், தரவரிசையில் முன்னால் நிற்கும். "என் பொண்ணு 600-க்கு 530, அவ 510-தான், அவளுக்கு எப்படி முதல்ல கிடைச்சது?" என்று கேட்பவர்களுக்கு விடை இந்த அளவில் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் யார் முன்னால் என்பதற்கும் ஒரு முறை உண்டு. அது சேர்க்கைக்கான விவரக் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும்.

இது தமிழ்நாட்டின் அளவு. எல்லா வீட்டிலும் இதே அளவு இல்லை. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் நர்சிங்குக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. எய்ம்ஸ் தானே ஒரு தேர்வு நடத்துகிறது. புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ராணுவ நர்சிங் சேவைக்கான கல்லூரிகளும் நீட் எழுதிய பெண்களைத்தான் அழைக்கின்றன. அதற்குப் பிறகு தனித் தேர்வும் நேர்காணலும் நடத்துகின்றன. வேலூர் சி.எம்.சி.க்குத் தன் சொந்தத் தேர்வு முறை இருக்கிறது. இந்தியாவில் நர்சிங்குக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு முதன்முதலாக 1946-இல் தொடங்கியது. தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று வேலூர், மற்றது டெல்லி. இப்படித் தனி வழி வைத்திருக்கும் கல்லூரிகளில் ஆசை இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே தனியாக விண்ணப்பித்துத் தயாராக வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் அந்தக் கதவுகள் திறக்காது.

4. புளித்தல்: விண்ணப்பமும் தரவரிசையும்

அரைத்த மாவைப் பாத்திரத்தில் ஊற்றி மூடி வைக்கிறோம். நர்சிங்கில் அந்தப் பாத்திரம், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு இந்தக் குழு அறிவிப்பு வெளியிடும். விண்ணப்பம் இணைய வழியில்தான். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி மற்றும் வேறு பல துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்.

விண்ணப்பத்தை அனுப்பியதும் குழு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். பிறகு எல்லோருடைய கட்-ஆஃபையும் மேலிருந்து கீழாக அடுக்கித் தரவரிசைப் பட்டியல் வெளியிடும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். மாவு புளிக்கும்போது நாலு தடவை மூடியைத் திறந்து கிளறினால் கெட்டுப்போகும். இந்தச் சில வாரங்களில்தான் வீட்டில் பொறுமை போகிறது. "லிஸ்ட் வரலையே, கிடைக்காதோ என்னமோ" என்று பயந்து எங்கேயாவது பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு நல்ல கல்லூரியில் இடம் வந்ததும் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறவர்கள் உண்டு. எனவே மூடியை மூடியே வையுங்கள்.

பட்டியல் வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று பொதுத் தரவரிசை, இன்னொன்று உங்கள் சமூகப் பிரிவுக்குள் உங்கள் தரவரிசை. கூடவே பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்து மூலம் முறையிடுங்கள். கவுன்சலிங் தொடங்கிய பிறகு இதைத் திருத்துவது வெந்த இட்லியில் உப்புப் போடுவதுதான்.

5. தட்டும் குழியும்: இடங்கள் எங்கிருந்து வருகின்றன?

மாவு எவ்வளவு இருந்தாலும் தட்டில் எத்தனை குழியோ அத்தனை இட்லிதான். நர்சிங் கல்லூரியின் குழிகளை யார் எண்ணி வைக்கிறார்கள்?

அதற்கு மூன்று முத்திரை வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. இந்த மூன்றும் சேர்ந்துதான் "இந்தக் கல்லூரியில் இத்தனை இடம்" என்ற எண்ணை முடிவு செய்கின்றன.

எதைப் பார்த்து எண்ணுகிறார்கள்? ஆசிரியர்களையும் நோயாளிகளையும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் கணக்கு. ஆஸ்பத்திரியில் ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள். இந்த இரண்டாவது கணக்கு மிக முக்கியம். நர்சிங்கை நோட்டுப் புத்தகத்தில் கற்க முடியாது. ஊசி போடுவது, புண்ணைக் கட்டுவது, பிரசவம் பார்ப்பது, மயங்கிக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் படுக்கைப் பக்கத்தில் நின்றுதான் வரும். கட்டடம் பளபளவென்று இருந்து, இணைந்த ஆஸ்பத்திரியில் நோயாளி இல்லை என்றால் அந்தக் கல்லூரி அடியில் துணி போடாத தட்டு மாதிரி. இட்லி முழுசாக எழும்பி வராது.

இந்தக் குழிகளில் எல்லாமே அரசுக் கவுன்சலிங்குக்கு வருவதில்லை. அரசு நர்சிங் கல்லூரிகளின் இடங்கள் கவுன்சலிங்குக்கு வரும். சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி, சிவகங்கை போன்ற ஊர்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க ஒன்றிய அரசு 2023-இல் ஒப்புதல் தந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 11. தனியார் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் அரசு ஒதுக்கீட்டுக்கு வரும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியானால் 50 சதவீதம். மீதி நிர்வாக ஒதுக்கீடு. போனில் பேசிய ஆள் விற்கப் பார்ப்பது இந்த மீதியைத்தான். அதையும் கல்லூரியிலேயே நேரே போய்க் கேட்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

6. இட ஒதுக்கீடு: இங்கே கணக்குதான்

இந்த ஒரு இடத்தில் இட்லியை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்காகவே பார்ப்போம். அதுதான் தெளிவு.

கவுன்சலிங்கில் 200 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டுப்படி அது இப்படிப் பிரியும். பொதுப் போட்டிக்கு 62. பிற்படுத்தப்பட்டோருக்கு 53. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40. பட்டியல் சாதியினருக்கு 30. அருந்ததியருக்கு 6. பழங்குடியினருக்கு 2. கூட்டினால் 200.

இதில் பலரும் தவறாக நினைப்பது அந்த முதல் 62 இடங்களைத்தான். அது "ஒதுக்கீடு இல்லாதவர்களுக்கான" இடம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான இடம். எந்தச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தாலும் தரவரிசையில் மேலே இருந்தால் முதலில் இந்தப் பொது இடத்தில்தான் அமரும். அப்போது அந்தப் பிள்ளையின் சமூகத்துக்கான இடம் அப்படியே மிச்சம் இருக்கும். பொது இடம் தீர்ந்த பிறகு வருகிறவர்களுக்கு அவரவர் பிரிவின் இடம் பார்க்கப்படும். ஆகவே மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் இருப்பது 40 குழிகள் மட்டும் அல்ல, 62-ம் 40-ம் சேர்த்து. மாற்றுத்திறனாளிகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு முதலில் தனியாகக் கவுன்சலிங் நடக்கும். அவர்கள் மருத்துவக் குழுவின் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

7. ஊற்றுதல்: விருப்பப் பட்டியல்

இப்போது கரண்டி பிடிக்கும் கட்டம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

இணையத்தில் நீங்கள் கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசையாகப் பதிகிறீர்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று. பிறகு கணினி கரண்டியைக் கையில் எடுக்கிறது. முதல் தரவரிசைக்காரரை எடுத்து அவருடைய பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. முதல் விருப்பத்தில் குழி காலியா? காலி என்றால் அங்கே ஊற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகிறது. இல்லை என்றால் அவருடைய இரண்டாம் விருப்பம், பிறகு மூன்றாம் விருப்பம். அவருடைய கதை முடிந்த பிறகுதான் இரண்டாம் தரவரிசைக்காரரைத் தொடும். இப்படியே கடைசி வரை.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. உங்கள் முறை வரும்போது உங்களுக்குப் பின்னால் இருக்கும் யாரும் உங்கள் இடத்தை எடுக்க முடியாது. எனவே கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் எழுதினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. அது காலியாக இல்லாவிட்டால் கணினி அடுத்த விருப்பத்துக்கு நகரும், அவ்வளவுதான். "முதல் விருப்பத்தை வீணாக்கிட்டோமே" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ஓர் உதாரணம். மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்த தரவரிசையில் இருக்கிறார்கள்: 410, 411, 412. மூவரும் ஒரே சமூகப் பிரிவு. அவர்கள் முறை வரும்போது மதுரையில் ஓர் இடம், தேனியில் ஓர் இடம், சிவகங்கையில் ஓர் இடம் மட்டும் மிச்சம். 411-க்கு மதுரை ஆசை. ஆனால் "நமக்கு முன்னால இருக்கறவங்க மதுரையை விட்டு வைப்பாங்களா?" என்று பயந்து சிவகங்கையை முதலில் எழுதிவிட்டது. 410-க்கு வீடு தேனியில், எனவே அது தேனியை எடுத்துக்கொண்டது. அடுத்து 411. கணினி சிவகங்கையைப் பார்த்தது, காலி, ஊற்றிவிட்டது. மதுரையில் குழி காலியாகத்தான் இருந்தது, ஆனால் பட்டியலில் அது மேலே இல்லை. 412 மதுரையை முதலில் எழுதியிருந்தது, கிடைத்துவிட்டது. தரவரிசையில் பின்னால் இருந்தவருக்கு ஆசைப்பட்ட கல்லூரி, முன்னால் இருந்தவருக்கு இல்லை. இதில் சிபாரிசும் இல்லை, ஏமாற்றும் இல்லை. 411-ஐத் தோற்கடித்தது அதனுடைய பயம்தான்.

எனவே பட்டியல் எழுதும்போது நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். முதலில், கிடைக்குமா என்று யோசிக்காமல் எது வேண்டும் என்று யோசித்து வரிசைப்படுத்துங்கள். அடுத்து, நர்சிங்தான் வேண்டும் என்றால் அதற்கு மேலே வேறு படிப்பை வைக்காதீர்கள். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும். மூன்றாவதாக, போகவே மாட்டோம் என்கிற கல்லூரியை எழுதாதீர்கள். நான்காவதாக, பட்டியலைக் குட்டையாக முடிக்காதீர்கள். ஐந்து கல்லூரி எழுதி ஐந்தும் நிரம்பியிருந்தால், ஆறாவதில் குழி காலியாக இருந்தாலும் உங்களுக்கு ஊற்றக் கணினிக்கு உத்தரவு இல்லை. முடித்ததும் பட்டியலைப் பூட்டி, ஒரு நகல் எடுத்து வையுங்கள். இணைய மையத்தில் பதிந்தால் கடவுச்சொல்லை அங்கேயே எழுதி வைத்துவிட்டு வராதீர்கள்.

பட்டியல் எழுதும் முன் கல்லூரிகளுக்கு நேரே போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போய், "உங்க பிள்ளைங்க போஸ்டிங் போற ஆஸ்பத்திரி எது?" என்று கேளுங்கள். பிறகு அந்த ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா, வார்டில் மாணவிகள் வேலை செய்கிறார்களா என்று கண்ணே சொல்லிவிடும். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு செய்கிறது. ஆனால் ஹாஸ்டல், மெஸ், சீருடை, பஸ் என்று மற்றவை சேரும்போது தொகை வேறாகிவிடும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

8. அவித்தல்: சேருவது

தட்டில் ஊற்றியதும் இட்லி ஆகிவிடாது. ஆவி பிடிக்க வேண்டும், ஈரக்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டாமல் இருந்தால்தான் இறக்கலாம். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அது இன்னும் மாவுதான். அதில் குறித்த தேதிக்குள் கல்லூரிக்குப் போய், அசல் சான்றிதழ்களைக் காட்டி, கட்டணம் கட்டிச் சேர வேண்டும். நாள் தப்பினால் அந்தக் குழி அடுத்த சுற்றில் வேறொருவருக்குப் போய்விடும். அசல்களைக் கொடுத்தால் எதெதைக் கொடுத்தோம் என்று ரசீது வாங்குங்கள். முதல் சுற்றில் இடம் கிடைத்தவர் அடுத்த சுற்றில் மாற முடியுமா என்பதை அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டில் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பணத்துக்கு உதவும் திட்டங்களையும் இப்போதே கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-இல் தொடங்கிய திட்டம் இது. பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று அதே அளவில் வந்தது. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்து, ஆதாரோடு இணைந்திருந்தால் வேலை சுலபம்.

சேர்ந்த பிறகு படிப்பு நான்கு ஆண்டு, எட்டு பருவம். முதல் பருவத்தில் உடற்கூறும் உடலியலும் உளவியலும் நர்சிங் அடிப்படையும் வரும். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்க வேண்டும் என்றால் செய்முறைப் பயிற்சியில் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்ட நாட்களைத் திரும்ப வேலை செய்து நிரப்பியாக வேண்டும். எட்டாம் பருவத்தில் 22 வாரம் உள்ளிருப்புப் பயிற்சி. முடித்ததும் மாநிலக் கவுன்சிலில் பதிந்தால்தான் நர்சாக வேலை செய்ய முடியும்.

9. மிஞ்சிய மாவு

எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்கவில்லை என்றால்? குழி தீர்ந்துவிட்டது, மாவு கெட்டுப்போகவில்லை. மறுநாள் தோசை ஊற்றுகிற வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், அடுத்தடுத்த சுற்றுகளைப் பாருங்கள். சேராமல் போனவர்களின் இடங்களும், வேறு படிப்புக்கு மாறியவர்களின் இடங்களும் திரும்ப வரும். முதல் சுற்றில் நிரம்பிய கல்லூரி இரண்டாம் சுற்றில் திறப்பது சகஜம். பிறகு, மூன்றாண்டு டிப்ளமோவான ஜி.என்.எம். இருக்கிறது. கவுன்சிலின் விதிப்படி இதற்கு அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்பது கூட இல்லை. அதை முடித்து நர்சாகப் பதிவு செய்துகொண்டால், பிறகு இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். அதன் பிறகு எம்.எஸ்சி.க்கும் போகலாம். மொத்தத்தில் ஓராண்டு கூடும், நடுவிலேயே சம்பளமும் வந்துவிடும்.

வெளி மாநிலக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் மட்டும் ஒரு படி கூடுதல். பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியின் பெயரும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷப் பட்டியலை நம்பாதீர்கள். படித்து முடித்துத் தமிழ்நாட்டில் பதிவு செய்யவோ, அரசு வேலைக்கோ, வெளிநாட்டுக்கோ போகும்போது எல்லோரும் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள். ஊறவைக்கிற வேலையை அதில் தொடங்கலாம்.